ஐந்தருவி அண்டா

கோட்டையூர்

அன்புள்ள உமையாள்,

இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் பதில் கடிதம் முழுவதும் முழங்காலாகவே இருக்கும். போனில் சொல்லியிருக்கலாம்தான். நீ நடுவில் புகுந்து உன் கதையை ஆரம்பிப்பாய், என் கோபம் ஆறிவிடும். இந்தக் கோபத்தை ஆறவிட எனக்கு மனமில்லை.

பெரியவன் பிள்ளைகளோடு அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். நான் வளவை, அதான் நடு முற்றத்தையும் சுற்றுப்பத்தியையும், கழுவிவிட்டு, மாவுருண்டை, மணகோலம், சீப்புச்சீடை எல்லாம் செய்து டின்களில் அடைத்து வைத்திருந்தேன். வந்து இறங்கியவன், "ஆத்தா, கானாடுகாத்தானில் ரூம் போட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது. பகலெல்லாம் உங்களோடுதான்" என்கிறான்.

ரூம் எந்த மாதிரி இடத்தில் என்று நினைக்கிறாய்? நம் வீடு போல ஒரு வீடுதான். பங்காளிகள் சேர்ந்து ஓட்டலுக்கு விட்டிருக்கிறார்கள். அதே முகப்பு, அதே பர்மாத் தேக்கு, அதே ஆத்தங்குடிக் கல். சொந்த வளவில் படுக்க மாட்டானாம். என் ஒரு மாத மளிகைச் செலவை ஓர் இரவுக்குக் கொடுத்து ஊரான் வளவில் படுப்பானாம். சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர், சித்திரை வெயிலை உள்ளே விடாத சுவர், அதைத் துளைத்து ஏசி மாட்டியிருக்கிறார்கள்!

மருமகளைக் குறை சொல்ல மாட்டேன். நடுராத்திரியில் சின்னவளைத் தூக்கிக்கொண்டு இரண்டாங்கட்டையும் தாண்டிக் கொல்லைக்குப் போகச் சொன்னால் யார்தான் சம்மதிப்பார்கள்? நாம் மட்டும் என்ன, வீராங்கனைகளா? மே மாத லீவில் உன் ஆயா வீட்டு வளவுப்பத்தியில் வரிசையாகப் படுத்திருப்போம். உனக்குப் போக வேண்டுமென்றால் என்னை எழுப்புவாய், நான் சிகப்பியை எழுப்புவேன், கடைசியில் ஊரே எழுந்து ஊர்வலமாகப் போகும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். உட்கார்ந்துகொண்டு படி.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் அந்த ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். முகப்பில் பிரெஞ்சுக்காரர்கள் கூட்டம் ஒன்று நின்றது. கைடு பையன் ஒருவன் திண்ணை என்றால் என்ன, வளவு என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பித்தளை அண்டா, அதில் தண்ணீர் ஊற்றிச் சாமந்திப் பூக்களை மிதக்கவிட்டிருந்தார்கள். "செட்டியார் வீட்டுக் குதிரைகள் தண்ணீர் குடித்த பாத்திரம்" என்றான் ஆங்கிலத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். வாய் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய விலாசம், உங்கள் குடும்பத்து முதலெழுத்துகள், அதையடுத்து உன் ஆத்தா பெயர். அடிப்பக்கம் ஒரு சொட்டை. சந்தேகத்துக்கு இடமே இல்லை, உமையா. அது நம் குற்றாலத்து அண்டா.

ஆனிச் சாரலுக்குக் குற்றாலம் போனது நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று பொய் எழுதிக்கொடுத்துவிட்டுப் போய், எல்லோரும் நிஜக் காய்ச்சலோடு திரும்பினோமே, அந்த வருஷம். வேனின் பின்பக்கத்தை இந்த அண்டாவே அடைத்துக்கொண்டது. ஐந்தருவியில் இறக்கும்போது பாறையில் மோதிச் சொட்டை விழுந்தது. உன் சோலை அம்மான் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டார். குளிக்கப் போனால் குரங்கு வரும், குரங்கு வராவிட்டால் திருடன் வருவான் என்று அண்டாவைக் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, எண்ணெயைக் கழுவாமலே காரைக்குடி வந்து சேர்ந்தார். அவர் சாய்ந்து வந்த வேன் சீட்டுக்கு டிரைவர் தனியாகக் காசு கேட்டாரே!

கைடிடம், "தம்பி, இதில் குதிரை குடிக்கவில்லை, நாங்கள்தான் ரசம் குடித்தோம்" என்றேன். அவன் அதையும் மொழிபெயர்த்தான், அவர்கள் கைதட்டினார்கள். எனக்குத்தான் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. உள்ளே ஈயப்பூச்சு முழுக்கப் போய்விட்டது. உன் தம்பி பாகம் பிரித்தபோது முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைக்குப் போன மூட்டையில் இதுவும் இருந்திருக்க வேண்டும். அவனிடம் கேட்டுச் சண்டை போடாதே. எந்த வீட்டில்தான் போகவில்லை?

பிறகு பிள்ளைகளைப் பாம்பனுக்குக் கூட்டிப்போனோம். நாம் ரயிலிலிருந்து கடலில் காசு போட்ட 1914-ஆம் வருஷத்துப் பாலத்தில் ரயில் ஓய்ந்துவிட்டது. 2025-இல் திறந்த புதுப் பாலத்தில் கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புமாம். பேரன் அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றான், கப்பல் வரவில்லை. ராமநாதசாமியை அவன் இரண்டாம் பட்சமாகத்தான் கும்பிட்டான்.

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. போன தைப்பூசத்துக்கு மகள் என்னைப் பினாங்குக்கு அழைத்துப்போனாள் அல்லவா? காரைக்குடியில் செய்து 1894-இல் கப்பலேறிப் போன வெள்ளி ரதம், பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்பட்டது. வழியெல்லாம் தேங்காய். சீனர்களும் மலைபோலக் குவித்துவைத்து உடைக்கிறார்கள். உடைத்த ஓடுகளை இயந்திரம் வைத்துத் தள்ளினால்தான் ரதம் நகர முடிகிறது. இளநீரில் என் கால் வழுக்கி, ஒரு சீனக் கிழவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அந்தத் தெருவில்தான் ஐயா, அப்பாவைப் பெற்றவர், பெட்டியடிப் பையனாக, கடையில் கணக்கு எழுதும் பையனாக, போய்ச் சேர்ந்திருக்கிறார். செட்டியார்கள் கடை வைத்திருந்த கிட்டங்கிக் கூடத்தில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதி, இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுக்கை. மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வருவார், சில மாதம் இருப்பார், மறுபடி கப்பல். இத்தனை தூணும் இத்தனை கதவும் வைத்துக் கட்டிய வீட்டில் அவர் எத்தனை நாள் படுத்தார்? ஐயா கட்டிய வீட்டில் ஐயாவே விருந்தாளிதான். நமக்கு வெளிநாட்டு பிஸ்கட் டின் வந்தது, அதனால் அது தெரியவில்லை. அப்பத்தாளுக்குத் தெரிந்திருக்கும்.

இதை யோசித்ததும் பெரியவன் மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. மீதியை அந்த ஏசிக்காக வைத்திருக்கிறேன்.

உண்மையான கவலை வேறு. எங்கள் பங்காளிகளும் கூடுகிறார்கள். இந்த வீட்டையும் ஓட்டலுக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. மழை வந்தால் மேற்குப் பத்தி ஒழுகுகிறது. ஓடு மாற்றப் பங்கு போடச் சொன்னால் பாதிப்பேர் போனையே எடுப்பதில்லை. கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை, போடாமல் இருக்கவும் வழி தெரியவில்லை. உங்கள் வீட்டை ஓட்டலுக்கு விட்டபோது எப்படி எழுதிக்கொடுத்தீர்கள்? எத்தனை வருஷத்துக்கு? முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீட்டைத் திறந்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, வாய்ப்பேச்சுதானா? சாமி அறைச் சாவி யாரிடம்? பத்திரத்தின் நகல் இருந்தால் தபாலில் அனுப்பு. உன் தம்பியிடம் கேட்டால் இழுத்தடிப்பான். அவன் பெண்டாட்டியிடம் கேள்.

உன்,
மீனாள்