கிராம சபைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் நவம்பர் 26 அன்று கல்லூரிகளில் அரசியலமைப்பு நாள் உறுதிமொழி எடுக்கிறார்கள். ஒருவர் முகப்புரையை வாசிக்க, மற்றவர்கள் கையை நீட்டியபடி திருப்பிச் சொல்கிறார்கள். ஜனவரி 25 வந்தால் வாக்காளர் நாள் உறுதிமொழி. நல்ல காரியம்தான், நடக்கட்டும். ஆனால் உறுதிமொழி எடுத்த மாணவரிடம் "உங்க ஊர் கிராம சபைக்குப் போயிருக்கியாப்பா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வருகிறது. அப்படி ஒன்று நடப்பதே தெரியாத பட்டதாரிகளையும் பார்த்திருக்கிறேன்.

நான் ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். கிராம சபைக்குத் தண்டோரா போடச் சொல்வது, பந்தல் நாற்காலி பார்ப்பது, தீர்மான நோட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவது எல்லாம் என் வேலை. அதனால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். கிராம சபைக்கு யாரையும் அனுப்ப வேண்டியதில்லை, நாமே உறுப்பினர். 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம் அரசியலமைப்பிலேயே இதை எழுதி வைத்திருக்கிறது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். சென்னையிலோ கோவையிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கும் பெயர் ஊரில் இருந்தால் அங்கே எழுந்து நின்று கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. வரவு செலவு, தணிக்கை அறிக்கை, குடிநீர், வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல் எல்லாம் அங்கேதான் வாசிக்கப்படுகின்றன. 21 வயது நிறைந்தால் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடவே செய்யலாம். கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் யார்? நூறு நாள் வேலை பார்க்கும் பெண்கள், வயதானவர்கள், கட்சிக்காரர்கள் சிலர். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பு ஒன்று உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் இருக்க வேண்டும். அந்த நூறைச் சேர்ப்பதற்கே பல ஊர்களில் படாத பாடு. கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் உட்கார்ந்து, வேகமாக வாசிக்கப்படும் கணக்கில் எதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் போகிறார்கள். படித்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் கூட்டத்தின் போக்கே மாறிவிடும்.

மாறியதை நேரில் பார்த்தவன் நான். ஓர் அக்டோபர் 2 கூட்டத்துக்குக் காலனியிலிருந்து பி.காம் படிக்கும் பெண் ஒருத்தி அவள் பாட்டியோடு வந்திருந்தாள். நான் கணக்கு வாசித்து முடித்ததும் எழுந்தாள். "சார், தெருவிளக்குச் செலவை மறுபடி ஒருதரம் மெதுவா வாசிங்க" என்றாள். வாசித்தேன். "எந்தெந்தத் தெருவுல எத்தனை விளக்கு மாத்தியிருக்குன்னு அதுல இருக்கா?" என்று அடுத்த கேள்வி. பதிவேட்டைப் பிரித்தால் மாற்றிய விளக்கு அத்தனையும் ஊர்த்தெருவில். காலனிப் பக்கம் ஒன்றுகூட இல்லை. கூட்டம் கொஞ்ச நேரம் சலசலத்தது. "சின்னப் பொண்ணு, உட்காரும்மா" என்று ஒரு பெரியவர் அதட்டினார். அவள் உட்காரவில்லை. "இதைத் தீர்மானமா எழுதுங்க சார், நான் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றாள். எழுதினேன். பொங்கலுக்கு முன்பே காலனியில் விளக்கு எரிந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை. எந்தச் சட்டப் பிரிவையும் சொல்லவில்லை. கணக்கு படிக்கத் தெரிந்திருந்தது, கேட்கலாம் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்படி வருகிறவர்கள் குறைவாக இருப்பதற்கு வீடும் ஒரு காரணம். "படிக்கிற பிள்ளைக்கு ஊர் வம்பு எதுக்கு?" என்று தடுக்கிறோம். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். சாதி பார்த்துத் தள்ளி நிற்க வைக்கும் ஊர்களும் இருக்கின்றன, மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தனியாக ஒரு பிள்ளை போய் நிற்பது கஷ்டம். கல்லூரி அனுப்பி ஐந்தாறு பேர் சேர்ந்து வந்தால் அதட்டுகிற குரல் தானாக அடங்கும்.

கல்லூரிகளும் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1, அக்டோபர் 2 விடுமுறை, சிக்கலே இல்லை. குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கொடியேற்றத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு மதியம் வரை கலைநிகழ்ச்சி வைத்தால் பிள்ளைகள் எப்படி ஊருக்குப் போவார்கள்? காலையில் கொடியேற்றியதும் அனுப்பிவிடலாமே. மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் வகுப்பு நாளாக வந்தால் வருகைப்பதிவு கொடுத்து அனுப்பலாம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் முகாமும் உண்டு. கோயில் வளாகம் சுத்தம் செய்கிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். சொந்த ஊர் கிராம சபையில் உட்கார்ந்து, தீர்மானங்களைக் குறித்துக்கொண்டு வந்து, வகுப்பில் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பதையும் அந்த மணிக்கணக்கில் சேருங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடச் சொல்லுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கும் கிராம சபை போலவே பகுதி சபை இருக்கிறது.

இதற்கெல்லாம் முதலில் பட்டியலில் பெயர் வேண்டும். தேர்தல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என 18 வயது நிறைந்ததா என்று பார்க்க ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. 17 வயது முடிந்ததுமே பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்து வைக்கலாம். முதலாண்டுச் சேர்க்கையின்போதே கல்லூரி இதை முடித்துவிட முடியும்.

உயர்கல்வித் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் கலந்து பேசி, அடுத்த கிராம சபைக்கு முன்பாக எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஊராட்சிச் செயலர்,
செங்கம் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.