பேசும் பேனா தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

இருமொழி வீடுகளில் வளரும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு நீங்கள் தரும் பேசும் பேனா, ஒலிப்புத்தகம், செயலி எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. படத்தைத் தொட்டதும் 'பூனை, கேட்' என்று இரண்டு சொல்லும் ஒரே மூச்சில் ஒலிக்கின்றன. பிள்ளை தனக்குப் பழகிய மொழிக்காகவே காத்திருக்கும். மற்றது காதில் விழுந்தும் விழாமல் போகும். ஒரு தொடுகைக்கு ஒரு மொழி போதும். மொழி மாற்றத் தனிப் பொத்தான் வையுங்கள்.

சொல் முடிந்ததும் 3, 4 விநாடி சும்மா விடுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்வது அப்போதுதான். அங்கே கைதட்டல் ஓசையைப் போட்டு அதன் வாயை அடைக்கிறீர்கள். தனிச்சொல்லோடு நிறுத்தாமல் 'மரம். மரத்துல காக்கா இருக்கு' என்று வாக்கியத்திலும் கேட்க விடுங்கள். வேற்றுமை ஏறினால் தமிழ்ச் சொல்லின் உருவமே மாறிவிடுகிறதே.

இனி ஒலிப்பதிவு. கோப்பைச் சுருக்க மாதிரி வீதத்தை (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்ற கணக்கை) 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால், 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி ஒன்றும் மிஞ்சாது. 'சன்', 'ஃபன்' இரண்டையும் பிரித்துக் காட்டும் உரசொலி (முதலில் வரும் 'ஸ்', 'ஃப்' ஓசை) பெரும்பாலும் அதற்கு மேலேதான். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள், 22.05க்குக் கீழே இறக்காதீர்கள். இரு மொழிக்கும் ஒரே மைக், ஒரே ஒரு சாண் தூரம், ஒரே ஒலி அளவு. எந்திரக் குரல் என்றால் ல, ள, ழ வரும் சொற்களை ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டே ஆகவேண்டும்.

தூங்கிக் கிடக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர் விழிக்கும்போது முதல் அசையை விழுங்கும்: 'தக்காளி', 'காளி' ஆகிவிடுவாள்! முன்னால் வெற்று மௌனம் வைத்தால் சில ஸ்பீக்கர்கள் விழிப்பதில்லை; அரை விநாடி மெல்லிய மணியோசை வையுங்கள்.

பேனா பக்கத்தைத் தொட்டும் ஊமையாக இருந்தால் அச்சைப் பாருங்கள். பேனா அகச்சிவப்பு ஒளியில் படிக்கும் நுண்புள்ளிகள் கார்பன் கறுப்பு மையில் அச்சானவை. படத்திலும் அதே மை இருந்தால் புள்ளி தெரியாது. படத்தின் கருமையை மற்ற மூன்று அச்சு மைகளை (நீலம், சிவப்பு, மஞ்சள் சாயல்) கலந்து கொண்டுவாருங்கள்.

சத்தம்: உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரம்பு, வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல்.

'பிள்ளை தானாகவே கற்கும்' என்று அட்டையில் போடாதீர்கள். 2003இல் குழந்தைகளின் மொழி கற்றலை ஆராயும் பட்ரீசியா கூல் குழுவின் ஆய்வில், ஆங்கில வீட்டு 9 மாதக் குழந்தைகள் நேரில் பேசிய ஆளிடமிருந்து சீன ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவிலோ வீடியோவிலோ கேட்டவர்கள் பிடிக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் நிலை வேறுதான். என்றாலும் பக்கத்தில் ஓர் ஆள் தேவை. வீட்டார் தம் குரலைப் பதிய ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காலி இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
மழலையர் மொழி ஆசிரியர்களும் ஒலிப்பதிவாளர்களும்