அந்த மானின் மூலப் படம் எங்கே?

குகை ஓவியங்களைப் படமெடுத்து ஆவணப்படுத்தும் துறையின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மான் ஓவியத்தின் மூலப் படத்தைக் கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினேன். வந்து சேர்ந்தது நிறம் கூட்டிய ஒரு ஜேபெக், அதாவது சுருக்கிய படக் கோப்பு. “இதுவே தெளிவாக இருக்கிறது, மூலத்தை வைத்துக்கொள்ளவில்லை” என்று ஒற்றை வரிப் பதில் வேறு.

பாறையில் இருப்பது மங்கிய செங்காவி. உங்கள் படத்தில் மான் இரத்தச் சிவப்பு, பாறை நீலம். டீஸ்ட்ரெட்ச் மென்பொருளின் வேலையே அதுதான், அதைக் குறை சொல்லவில்லை. செயற்கைக்கோள் படங்களுக்குப் பயன்பட்ட முறையை ஜான் ஹார்மன் 2005-இல் பாறை ஓவியங்களுக்குக் கொண்டுவந்ததால்தான், கண்ணுக்குத் தப்பிய எத்தனையோ உருவங்கள் இன்று தெரிகின்றன. ஆனால் மூலத்தை அழித்துவிட்டு அதையே ஆவணம் என்று வைப்பது எந்த முறை?

மானின் வயிற்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடுகளின் ஓரமெல்லாம் சின்னச் சின்னச் சதுரங்கள். ஜேபெக் சுருக்கத்தில் விழும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களையும் மென்பொருள் நிறத்தோடு சேர்த்துத் தூக்கிக் காட்டியிருக்கிறது. விலா எலும்பென்று நான் எண்ணிய கோடு ஓவியன் இழுத்ததா, கட்டத்தின் விளிம்பா? இரண்டு வாரம் உட்கார்ந்தும் சொல்ல முடியவில்லை. நேரில் போனால், நீர்க்கசிவில் படிந்த வெள்ளை உப்பு வயிற்றையும் பின்னங்கால்களையும் மூடிவிட்டது. அவை தெளிவாகத் தெரிந்த நாளில் எடுத்த படத்தைத்தான் நீங்கள் அழித்திருக்கிறீர்கள்.

ஒரு காலத்தில் ஓவியம் தெளிவாக விழவேண்டுமென்று பாறையில் தண்ணீர் தெளித்தார்கள், கோடுகளைச் சுண்ணக்கட்டியால் சுற்றி வரைந்தார்கள். அந்தக் காயங்கள் இன்னும் ஆறவில்லை. தொடாமலே பார்க்க ஒரு வழி கிடைத்த பிறகும் இழப்பு நிற்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. பார்வையாளர்களின் மூச்சே சுவர்களைக் கெடுத்ததால் பிரான்சின் லாஸ்கோ ஓவியக் குகையை 1963-இல் மூடினார்கள். அப்படி மூடிய இடங்களுக்கு வெளியே நிற்பவனுக்குப் படம் ஒன்றுதான் கண்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றே: மூலப் படங்களை அழிக்காதீர்கள். அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்து எடுத்த ரா கோப்பை, அதாவது கேமரா பதிந்த சுருக்காத மூலத்தை, அப்படியே காத்து, நிறம் கூட்டிய படத்தோடு சேர்த்துத் தாருங்கள். டீஸ்ட்ரெட்சின் எந்த நிற அமைப்பில் கூட்டியது, எல்.ஆர்.இ. அமைப்பா, ஒய்.பி.கே. அமைப்பா என்றும் அதன் கீழே எழுதுங்கள்.

அந்த மானைப் படமெடுத்தவரின் பழைய ஹார்டு டிஸ்கில் மூலக் கோப்பு இன்னும் கிடக்கலாம். தயவுசெய்து அவரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாறை ஓவியங்களைப் படியெடுக்கும் ஒருவன்