பண்ணை வீடுகளும் மரபுச் சின்னங்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் பழைய பண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பழைய மரக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நெல்லிக்குப்பத்தை அடுத்த எங்கள் ஊரில் என் கொள்ளுப்பாட்டனார் கட்டிய வீடும் பாகப்பிரிவினைக்குப் பின் அதே நிலைக்கு வந்திருக்கிறது.

களத்தில் தூற்றிய நெல் பின்கட்டு வழியாக நேரே நெல் சேமிக்கும் பத்தாயத்துக்கு வந்து சேரும்படி, தொழுவம், வைக்கோல் போர், கிணறு, முற்றம், தாழ்வாரம் ஆகிய அனைத்தும் அந்த வீட்டில் வேளாண்மையின் போக்கை ஒட்டியே அமைந்துள்ளன. முன்கட்டின் மச்சு, தேக்கு உத்திரங்களின் மேல் கட்டைகளைப் பரப்பி, சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் மூலைவாட்டாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தட்டையான ஓடுகள் பதித்தது. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து பூசிய சுவர்கள் இன்றும் கோடையில் குளுமையாக இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பின்கட்டின் நாட்டு ஓடுகள் பறந்தனவே தவிர, சுவர்களில் ஒரு விரிசலும் விழவில்லை. பின்னர் பழுதுபார்க்க வந்தவர்கள் சிமென்ட் பூசிய இடங்களில்தான், ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் பொரிந்து உதிர்கிறது.

1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வைத்த வரம்பு 1970இல் 15 ஆகக் குறைந்தது; பெரிய பண்ணைகளும் சுருங்கின. உழுதவர்களுக்கு நிலம் கிடைக்க வழிசெய்த அச்சட்டம் நியாயமானது என்பதே என் கருத்து. இப்போது அறுவடை இயந்திரமும் நேரடி நெல் கொள்முதல் நிலையமும் வந்துவிட்டதால் களத்துக்கும் பத்தாயத்துக்கும் வேலையில்லை. பயன் போனதும் பராமரிப்பும் நின்றுவிட்டது.

அருகிலுள்ள புதுச்சேரியில் வைசியாள் வீதியின் தமிழர் வீடுகள் சீரமைக்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோ விருதும் பெற்றன. நகரத்து வணிகர் வீட்டுக்குக் கிடைத்த அக்கறை, அங்கே பொங்கிய சோற்றுக்கு நெல் விளைவித்த சிற்றூர் வீடுகளுக்கும் கிடைக்க வேண்டும். எல்லா வீடுகளையும் காப்பது இயலாது. ஆகவே கடலூர் மாவட்ட நிர்வாகம் கட்டடக்கலை மாணவர்களைக் கொண்டு, எஞ்சியுள்ள பண்ணை வீடுகளையாவது அளந்து, வரைபடமும் புகைப்படமும் எடுத்து ஆவணப்படுத்த வேண்டும். சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த முதிய கொத்தனார்கள் சிலரே மிஞ்சியிருப்பதால், அவர்களிடமிருந்து இளையவர்கள் தொழில் கற்கும் பயிற்சியையும் இந்த ஆண்டே தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.