மாணவிகளின் படங்களைப் போடும் இன்ஸ்டாகிராம் பக்கத்தை முடக்கக் கோரி மனு

அனுப்புநர்:
மேட்டுத்தெரு, சந்தைப்பேட்டைப் பகுதிப் பெற்றோர்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பார்வை: இதே பொருள் குறித்து மக்கள் குறைதீர்க்கும் நாளில் முன்பு அளித்த மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதி தாங்கள் அறியாததல்ல. மழையில் சந்தைப்பேட்டை வாய்க்கால் உடைந்தபோது நேரில் வந்து பார்த்தீர்கள். அந்த வழியாகப் பெண்கள் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளைப் பற்றியது இந்த மனு. முந்தைய மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

1. எங்கள் ஊர்ப் பெயரோடு 'கிரஷ்' என்று சேர்த்து ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் நடக்கிறது. பேருந்துக்கு நிற்கும் மாணவிகளை அவர்களுக்குத் தெரியாமல் படமெடுத்து, பெயர், வகுப்போடு போடுகிறார்கள். கீழே அசிங்கமாக எழுதுவது பெரும்பாலும் எங்கள் தெருப் பையன்களே.

2. ரிப்போர்ட் அடித்தால் பக்கம் மறைகிறது. பின்னால் ஒரு எண்ணைச் சேர்த்துக்கொண்டு திரும்பவும் வருகிறது.

3. 11-ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆண்டு விழாவில் ஆடிய படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, வேறு உடம்பில் ஒட்டிப் போட்டுவிட்டார்கள். அது அவள் அப்பா வேலை பார்க்கும் பட்டறையின் வாட்ஸ்அப் குழுவரை போய்விட்டது. அன்றோடு பள்ளி நின்றது. டியூஷனுக்கு மட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு போனாள், அப்புறம் அதுவும் இல்லை. வீட்டில் யார் போனில் சத்தம் வந்தாலும் "என்னைப் பத்தியா?" என்று கேட்கிறாள். சொந்தக்காரர்கள் வந்து, "படிச்சது போதும், ஒரு இடம் பாருங்க" என்கிறார்கள். பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு, ஐயா! கீழே அசிங்கமாக எழுதிய பையன்கள் தினமும் பள்ளிக்குப் போகிறார்கள், இவள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். குழந்தைத் திருமணம் என்றால் 1098-ஐ அழையுங்கள் என்று ஊரெல்லாம் பலகை இருக்கிறது. இங்கே அந்தக் கல்யாணப் பேச்சைக் கிளப்பிவிட்டதே இந்தப் பக்கம்தான்.

4. காவல் நிலையத்தில் "உங்க பொண்ணு எதுக்கு இன்ஸ்டாவுல இருக்கு?" என்று கேட்டார்கள். அவளிடம் போனே கிடையாது! சிறுவர்களை ஆபாசமாகக் காட்டும் படத்தைப் பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். இப்படி ஒட்டுவேலை செய்த படத்தை, புகார் வந்த 24 மணி நேரத்தில் நிறுவனம் நீக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2021 விதிகளிலேயே எழுதினார்கள், 2026-இல் அதை 2 மணி நேரமாகவே குறைத்துவிட்டார்கள். நாங்களே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டோம். தெரிந்திருக்க வேண்டியவர்கள் எங்களையே குறுக்கு விசாரணை செய்தால் யாரிடம் போவது?

5. இன்ஸ்டாகிராமில் 13 வயதுக்குள் கணக்கு கூடாதாம். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டால் முடிந்தது கதை. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சட்டம் அமலில் இருக்கிறது. அவ்வளவு பெரிய காரியத்தைத் தங்களிடம் கேட்கவில்லை. கேட்பது இந்த ஒரு பக்கத்தை.

தயவுசெய்து விழிப்புணர்வுப் பேரணி மட்டும் வேண்டாம். பிள்ளைகளைப் பதாகையோடு வெயிலில் நடக்கவிட்டுப் படமெடுத்தால், அந்தப் படமும் அதே பக்கத்தில்தான் வரும்.

எனவே, சைபர் கிரைம் காவல் துறை மூலம் பக்கத்தை முடக்கி, நடத்துபவரைக் கண்டுபிடிக்க உத்தரவிட வேண்டுகிறோம். கருத்து எழுதிய பையன்களைப் பெற்றோரோடு அழைத்துப் பேசினால் போதும், அவர்களும் பிள்ளைகள்தான். அந்த மாணவியின் வீட்டுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஓர் ஆலோசகரை அனுப்புங்கள். பக்கத்தை முடக்குங்கள் ஐயா, அதை முதலில் செய்யுங்கள்.

இணைப்பு: பக்கத்தின் முகவரி, மூடிய உறையில். படங்களை இணைக்கவில்லை. அவை இன்னும் நாலு மேசைக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேட்டுத்தெரு, சந்தைப்பேட்டைப் பெற்றோர்கள்