உட்கருவின் இடப்பெயர்ச்சி: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழின் அறிவியல் பகுதியில், செல்லுக்குள் சுமைகளை இழுத்துச் செல்லும் இயக்கப் புரதங்களைப் பற்றி வெளியான கட்டுரையை வாசித்தேன். அவற்றுள் ஒன்றான கைனசின் 1985-இல் கண்டறியப்பட்டதும், செல்லுக்குள் தண்டவாளம்போல் அமைந்த நுண்குழல்களின் மேல் அது ஆற்றல் தரும் ஓர் ஏ.டி.பி. மூலக்கூறுக்கு 8 நானோமீட்டர் வீதம் அடியெடுத்து வைப்பதும் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால், கரு வளர்ச்சியின்போது செல்லின் உட்கருவையும் இப்புரதங்களே இழுத்துச் செல்கின்றன என்ற ஒற்றை வரியோடு கட்டுரையாளர் நிறுத்திக்கொண்டது பெருங்குறை.

அவை எதைப் பற்றிக்கொண்டு இழுக்கின்றன என்பதே இங்கு முதற்கேள்வி. உட்கருவைச் சுற்றி இரண்டு சவ்வுகள் உள்ளன. உட்சவ்வில் பதிந்த ‘சன்’ புரதமும் வெளிச்சவ்வில் பதிந்த ‘காஷ்’ புரதமும் இடைவெளியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாலமாகின்றன. அப்பாலத்தின் வெளிமுனையில்தான் கைனசினும் மற்றோர் இயக்கப் புரதமான டைனினும் வந்து சேர்கின்றன. பிள்ளையார்பட்டித் தேரோட்டத்தில் எத்தனை பேர் கூடினாலும், வடத்தைத் தேரில் பிணைக்காவிட்டால் தேர் நிலையைவிட்டு நகராதல்லவா?

இதை விளக்கமாகக் காட்டியது ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு. அதன் கருவில் முதுகுப்புறத் தோல் செல்களின் உட்கருக்கள் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து செல்கின்றன. அங்கே முன்னே செலுத்தும் விசை பெரும்பாலும் கைனசினுடையது; டைனின் அவ்வப்போது சற்றே பின்னுக்கு இழுத்தும் உருட்டியும் தடைகளை விலக்கிச் செல்ல உதவுகிறது. ‘அன்க்-83’ என்ற காஷ் புரதம் இல்லாத புழுவில் அந்த உட்கருக்கள் கடந்து செல்வதில்லை. அதே புழுவின் இளம்பருவத்தில், பக்கவாட்டிலுள்ள சில உட்கருக்கள் தம் விட்டத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே உள்ள இடுக்கில் நசுங்கி நுழைந்து வயிற்றுப்புறம் சேரவேண்டும். அங்கே முதன்மை விசை டைனினுடையது. இந்தப் பயணம் தவறினால் அச்செல்கள் இறந்துவிட, அவற்றிலிருந்து தோன்றவேண்டிய நரம்புச் செல்களும் முட்டையிடும் துவாரமும் இல்லாமற்போகின்றன. ஆகவே கைனசின் தள்ளும், டைனின் இழுக்கும் என்று மாணவர்கள் பொதுவிதியாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

மனிதரிலும் இது முக்கியம். கருவின் மூளையில் புதிதாகப் பிறந்த நரம்புச் செல் மேற்பரப்பை நோக்கி நகர்கையில், முன்னே செல்லும் சென்ட்ரோசோமை (நுண்குழல்கள் கிளம்பும் மையத்தை) நோக்கி உட்கருவை இழுப்பது டைனின். அதற்குத் துணைபுரியும் ‘லிஸ்1’ புரதம் போதிய அளவு இல்லாதபோது உட்கரு பின்தங்கிவிடுவதால், மூளை மடிப்புகளின்றி வழவழப்பாக அமைகிறது. இதற்கான மரபணு 1993-இல் அடையாளம் காணப்பட்டது. இந்த மரபணுப் பிழை பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வராமல் குழந்தையிடம் புதிதாகவே நேர்கிறது. குறையோடு பிறந்த குழந்தைக்கு, கிரகணத்தன்று வெளியே வந்ததாகப் பெற்றவளைப் பழிக்கும் வழக்கம் எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் படித்தவர் வீடுகளிலும் மறையவில்லை என்பதால், தொடர்கட்டுரை வருமாயின் இச்செய்தியை ஒரு பத்தி அளவிலேனும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
காரைக்குடி.