மேல்நீர் சூடானால் அடிநீர் ஏறுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடல் வெப்பம் பற்றிய தங்கள் கட்டுரையில் பவளப்பாறைகளுக்குத் தந்த இடத்தில் சிறிதேனும், நீரோடு மிதந்து வாழும் நுண்ணிய மிதவை உயிரிகளுக்குத் தந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் விடுபட்டனவோ என்னவோ. மேற்கு இந்தியப் பெருங்கடலில், வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கும் தாவர மிதவை உயிரிகள் அறுபது ஆண்டுகளில் 20 சதவீதம் வரை குறைந்துள்ளதாக, புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தினர் பங்கேற்ற ஆய்வு 2016-இல் தெரிவித்தது. சூடான மேல்நீர் இலேசாகி, அடியிலுள்ள குளிர்நீரோடு கலக்காமல் தனி அடுக்காக நின்றுவிடுவதால், நைட்ரேட் போன்ற சத்துகள் வெளிச்சம் படும் பகுதிக்கு ஏறிவருவது குறைகிறது. இத்தகைய நீரில் பொதுவாக மிக நுண்ணிய உயிரிகளே மிகுகின்றன. கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுடைய, சற்றுப் பெரிய தாவர மிதவை உயிரிகளான டயாட்டம்கள் மடிந்தால் தம் உடலிலுள்ள கரிமத்தோடு ஆழத்தில் அமிழும். நுண்ணியவையோ பெரும்பாலும் மேல்நீரிலேயே சிதைந்து அக்கரிமத்தைக் கரியமில வாயுவாக்கிவிடும். இவ்வுயிரிகளின் அளவைக் காட்டுவதாகச் செயற்கைக்கோள்கள் அளக்கும் கடற்பச்சைய விவரத்தையும் அவ்வப்போது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்